ரேட் அக்கா சொன்ன பன்னிரண்டாயிரம்

ஒரு ராத்திரிக்குப் பன்னிரண்டாயிரம். ஒரு கட்டில், ஒரு மெத்தை, சுவரில் ஒரு டிவி, குளியலறையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சோப்பு. இதற்குப் பன்னிரண்டாயிரம். இந்த எண்ணை முதன்முதலாகக் காதால் கேட்டபோது நான் ஏணியின் நாலாவது படியில் நின்றுகொண்டு புக்கிங் அறை ஏசியின் பில்டரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கை நழுவி, ஒரு மாதத் தூசியோடு பில்டர் அக்காவின் மேஜைமேல் விழுந்தது. அக்கா அதைக்கூடக் கவனிக்காமல் போனை வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

ஏன் சிரித்தார் என்று புரிய வேண்டுமானால் அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தீம் பார்க்குக்கு நேர் எதிரே இருக்கும் நாற்பத்தெட்டு அறை ஹோட்டலில் நான் பதினொரு வருஷமாக ஏசி மெக்கானிக். எனக்குக் கோபம் சட்டென்று தலைக்கேறிவிடும். அதனாலேயே எல்லோரும் என்னைக் கூலிங் என்று கூப்பிடுகிறார்கள். அந்தப் பெயரை வைத்ததே இந்த அக்காதான். அதற்காகவாவது அவரைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல எனக்கு உரிமை உண்டு.

அக்கா இருபத்திரண்டு வயதில் அறை சுத்தம் செய்யும் வேலைக்கு வந்தவர். கட்டில் விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்று இன்றும் பேச்சு உண்டு. ஒருநாள் புக்கிங் மேஜையில் ஆள் இல்லை, போன் விடாமல் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. தரை துடைத்துக்கொண்டிருந்த அக்கா, சத்தம் தாங்காமல் ஈரக்கையோடு எடுத்திருக்கிறார். கால் மணி நேரத்தில் ஆறு அறை விற்றுவிட்டார். பின்னால் நின்று கேட்ட முதலாளி மறுநாளே துடைப்பத்தை வாங்கிக்கொண்டு நாற்காலியைக் கொடுத்துவிட்டார். அது நடந்து பதினாறு வருஷம் ஆகிறது. இப்போது அவருக்குத் தெரு முழுக்க ரேட் அக்கா என்றுதான் பெயர்.

எங்கள் தெருவில் மொத்தம் எட்டு ஹோட்டல்கள். தினமும் காலை ஒன்பது மணிக்கு அங்கே ஒரு கூத்து நடக்கும். ஒவ்வொரு ஹோட்டலின் புக்கிங் ஆளும் மற்ற ஏழு ஹோட்டல்களுக்கும் வெளியூர்க்காரர் மாதிரி போன் போட்டு, வருகிற சனிக்கிழமை ரூம் இருக்கிறதா, எவ்வளவு என்று விசாரிப்பார்கள். அடுத்தவன் என்ன விலை சொல்கிறான் என்று தெரிந்தால்தானே நம் விலையைப் போட முடியும். இதில் வேடிக்கை என்னவென்றால் எல்லோருடைய குரலும் எல்லோருக்கும் அத்துப்படி. எதிர் ஹோட்டல்காரர் எப்போதும் மூன்று பிள்ளைகளுக்கு அப்பாவாகத்தான் பேசுவார். அப்போது அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. பிறகு கல்யாணம் நடந்தது, அக்காவும் போய் வாழ்த்திவிட்டு வந்தார். மறுவாரமே காலை ஒன்பது மணிக்கு அதே மாப்பிள்ளை போன் போட்டு, மூன்று பிள்ளைகளோடு வருவதாகச் சொன்னார். அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு, கூடுதலாக ஒரு கட்டில் போட்டுத் தருகிறோம் சார் என்றார்.

மூலை ஹோட்டல் அம்மாள் ஒருவர் பள்ளிக்கூட டீச்சராகப் பேசுவார். நாற்பது மாணவிகளை அழைத்து வருகிறேன் என்று ஒன்பது வருஷமாகச் சொல்கிறார், ஒரு மாணவிகூட இன்னும் வந்து சேரவில்லை. இவர்கள் எல்லோரும் மத்தியானம் ஒரே டீக்கடையில்தான் நிற்பார்கள். ஒருவரும் இந்தப் பேச்சை எடுக்க மாட்டார்கள். கேட்கிறவன் போட்டிக்காரன் என்று தெரிந்தால் உண்மை விலையோடு கால்வாசி கூட்டிச் சொல்ல வேண்டும். கேட்டவன் கால்வாசி கழித்துவிட்டு எழுதிக்கொள்வான். யாரும் எழுதி வைக்காத சட்டம் இது. எல்லோரும் பொய் சொன்னார்கள், எல்லோருக்கும் உண்மை தெரிந்தது. நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

உண்மையான வாடிக்கையாளரை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று நான் ஒருமுறை அக்காவைக் கேட்டேன். அது பெரிய வித்தை ஒன்றும் இல்லை என்றார். நிஜமாக வருகிறவர்கள் முதல் வார்த்தையிலேயே பிள்ளைகளைக் கொண்டுவருவார்கள். விலையைக் கேட்டதும் ஒரு பெருமூச்சு விடுவார்கள். பக்கத்தில் யாரிடமோ கையால் போனைப் பொத்திக்கொண்டு பேசுவார்கள். அப்புறம் பேரம் பேசுவார்கள். இதெல்லாம் இல்லாமல், சனிக்கிழமைக்கும் சாதாரண நாளுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று கேட்டால் அது நம்ம தெரு ஹோட்டல் ஆள். பதினாறு வருஷத்தில் ஒருமுறைகூடத் தப்பியதில்லை என்று அக்கா பெருமையாகச் சொன்னார். நானும் நம்பினேன்.

அக்காவின் வீடு ஹோட்டலிலிருந்து நடந்து எட்டு நிமிஷம். மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை. கீழே வீட்டுக்கார அம்மா தனியாக இருக்கிறார், தபால் அலுவலகக் கவுண்டரில் இருந்து ஓய்வு பெற்றவர். அக்காவின் கணவர் பார்க்கின் ஊழியர் பஸ் ஓட்டுகிறார், முதல் வண்டியை விடியற்காலை ஐந்து மணிக்கு எடுக்க வேண்டும். மகளுக்குப் பள்ளி இறுதி வருஷம், பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது, பள்ளிக்கூடம் அடுத்த தெருவில். இவர்கள் மூவரின் பிழைப்பும் அந்த மாடியைச் சுற்றித்தான் நடந்தது. அதை விட்டால் அந்த வட்டாரத்தில் குடியிருக்க வீடே கிடையாது. நான் மிகைப்படுத்தவில்லை. அந்தத் தெருவில் பதினாலு வீடுகள், அதில் ஒன்பது வீடுகளை ஏற்கெனவே நாள் வாடகைக்கு மாற்றிவிட்டார்கள். வாசல் கம்பியில், வருகிறவர்கள் தாங்களே சாவியை எடுத்துக்கொள்ள எண்பூட்டுப் போட்ட சின்னச் சாவிப்பெட்டி தொங்கினால் அது குடும்பம் இருக்கும் வீடு இல்லை. சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து, தப்பான வீட்டு மணியை அடித்து, வைஃபை பாஸ்வேர்டு கேட்கிறவர்களுக்கு வழி சொல்வதே அக்காவின் மகளுக்குப் பாதி நாள் வேலை.

வீட்டுக்கார அம்மா மட்டும் அந்தப் பக்கம் சாயவில்லை. அவர் கவுண்டரில் உட்கார்ந்தவர், கணக்கு விரல் நுனியில். ஹோட்டலில் நாலாயிரம் என்றால் வீட்டுக்கு இரண்டாயிரம்தான் கேட்க முடியும். மாதத்தில் எட்டு நாள்தான் ஆள் வரும். விரிப்பு துவைக்க, பெருக்கித் துடைக்க, கரண்டு, ஆள் பிடித்துக் கொடுக்கிற ஆப் கம்பெனிக்குப் பங்கு, எல்லாம் போக நிற்பது அக்கா தருகிற மாத வாடகை அளவுக்குக்கூடத் தேறாது. அதற்கு எதற்கு இந்தத் தலைவலி, மேலே ஒரு குடும்பம் நடமாடினால் எனக்கும் துணை என்பார். ஆனாலும் பதினொரு மாத ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியில் முடிகிறது. இந்த முறை தன் மகளைக் கட்டின மாப்பிள்ளை வந்து பேசுவார் என்று சொல்லி வைத்திருந்தார். மாப்பிள்ளை வெளியூரில் ஏதோ கடன் கொடுக்கும் கம்பெனியில் வேலை. அக்கா அவரைப் பார்த்ததே இல்லை. உள்ளுக்குள் அக்காவுக்கு உதறல்தான். வாடகையைக் கூட்டினால் கூட்டட்டும் தம்பி, போகச் சொல்லாமல் இருந்தால் போதும் என்று என்னிடம் இரண்டு மூன்று முறை சொல்லிவிட்டார்.

அந்தப் போன் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அக்கா எழுத இரண்டு கையும் வேண்டும் என்று எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், அதனால் எனக்கும் தெளிவாகக் கேட்டது. ஆண் குரல். படிவத்தைப் பார்த்துப் படிக்கிற மாதிரி வறட்டுக் குரல். பிள்ளைகள் பேச்சே இல்லை. சனிக்கிழமை என்ன, சாதாரண நாள் என்ன, மாதத்தில் எத்தனை நாள் நிரம்பும், காலை டிபன் சேர்த்தா இல்லாமலா என்று வரிசையாகக் கேட்டார். ஒவ்வொரு பதிலுக்கும் பெருமூச்சு விடாமல், "சரி, அடுத்தது" என்றார். அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். பார்க்கின் பின்வாசல் பக்கம் அப்போதுதான் ஒரு புது ஹோட்டல் திறந்திருந்தார்கள். அங்கே வந்திருக்கும் புது ஆள் இவர்தான் என்று அக்கா முடிவு கட்டிவிட்டார். புதுசாக வந்தவரைக் கொஞ்சம் சுற்றலில் விட்டுப் பார்க்க ஆசை. கால்வாசி கூட்டும் சட்டத்தை அன்றைக்கு மறந்துவிட்டு, "சனிக்கிழமை பன்னெண்டாயிரம் சார். எங்க கிட்ட எல்லா நாளும் ஃபுல்தான்" என்றார். அப்போது எங்கள் சனிக்கிழமை விலை நாலாயிரம்.

பன்னிரண்டு என்ற எண் எங்கிருந்து வந்தது என்று தூசியைத் துடைத்துக்கொண்டே கேட்டேன். அன்று காலைதான் வீட்டு வாடகை கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். மாத வாடகை பன்னிரண்டாயிரம். எண்ணிக் கொடுத்த எண் நாக்கிலேயே நின்றுவிட்டது, அதுதான் வெளியே வந்தது என்றார். மறுபடி சிரித்தார். நானும் சிரித்தேன். ஒருவர் பிள்ளைகளோடு வருகிறவராக இருப்பார், இல்லையென்றால் போட்டி ஹோட்டல்காரராக இருப்பார். மூன்றாவதாக ஒரு ரகம் போன் பண்ணும் என்று எங்கள் இருவர் மண்டைக்கும் எட்டவில்லை.

இனிமேல் நடந்ததில் என் பங்கும் இருக்கிறது, மறைத்துப் பயனில்லை. என் வாய் சும்மா இருக்காது. மத்தியானம் டீக்கடையில் எதிர் ஹோட்டல் மூன்று பிள்ளை அப்பாவிடம், எங்கள் அக்கா இன்றைக்கு ஒருவருக்குப் பன்னிரண்டாயிரம் சொல்லிவிட்டார் என்று கதை அளந்தேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ரூம் எடுத்தாங்களா என்று கேட்டார். பக்கத்தில் இன்னும் நாலு பேர் நின்றார்கள். கதைக்குச் சுவை கூட்டலாமே என்று, எடுத்தாங்களே, மூணு நாளைக்கு எடுத்திருக்காங்க என்று நான் அளந்துவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராகக் கிளம்பிப் போய்விட்டார்கள்.

அந்த வாரமே பார்க்கில் புது ரைடு திறக்கிற தேதியை அறிவித்தார்கள். தலைகீழாகத் தொங்கவிட்டு ஏழு சுற்று சுற்றுமாம். அதற்கும் காசு கொடுத்து வரிசையில் நிற்கிறார்கள். மறுநாள் ஒன்பது மணிக்கு எதிர் ஹோட்டலில் ஐந்தாயிரம் என்றார்கள், கால்வாசி கழித்தால் சரியான விலைதான். அடுத்த நாள் ஆறரை. வெள்ளிக்கிழமை எட்டு. அக்கா எப்போதும்போல் கழித்துக் கழித்து எழுதினார், ஆனால் கழித்த பிறகும் எண் ஏறிக்கொண்டே போனது. முதலாளி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, எல்லாரும் ஏத்துறாங்க, நாம மட்டும் ஏன் சும்மா இருக்கணும் என்று கேட்டார். அக்கா பயந்துகொண்டே ஆறாயிரம் போட்டார். ஆள் வராது, அறை காலியாகக் கிடக்கும், முதலாளி தன்னைத்தான் பிடிப்பார் என்று எதிர்பார்த்தார்.

ஆனால் வந்தார்கள். எனக்கு அதுதான் இன்றுவரை விளங்காத விஷயம். இரண்டு பிள்ளைகளோடு வந்த ஒருவர் கவுண்டரில் விலையைக் கேட்டுவிட்டு, வாயைத் திறந்தபடி சுவரில் தொங்கிய விலைப்பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மனைவி, நாம் வேறு ஊரில் தங்கி வந்திருக்கலாம் என்று மெல்லச் சொன்னார். பிள்ளைகள் கண்ணாடிக் கதவில் மூக்கை அழுத்திக்கொண்டு எதிரே தெரியும் ரோலர் கோஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்த மனிதர் பேரம்கூடப் பேசவில்லை, வங்கி அட்டையை எடுத்து நீட்டினார். எங்கள் அறை ஒன்றுக்கும் உதவாத அறை என்று எனக்குத் தெரியும், அவருக்குக் கொடுத்த இருநூற்றுப் பதினாலாம் எண் அறையின் ஏசியில் தண்ணீர் சொட்டுகிறது என்பதும் தெரியும். ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கொண்டுபோய் அடியில் வைத்துவிட்டு வந்தேன். வெட்கமாக இருந்தது. அக்கா அன்று சாப்பிடவே இல்லை. அந்தப் பணத்தில் என் வீட்டில் பதினைந்து நாள் அடுப்பு எரியும் தம்பி என்றார்.

அடுத்த வாரம் ஏழாயிரத்து ஐநூறு. நாற்பத்தெட்டு அறையும் நிரம்பின. அக்கா பேயறைந்தவர் மாதிரி நடமாடினார். போனில் விலையைச் சொல்லிவிட்டு, எதிர்முனையில் இருப்பவர் திட்டிவிட்டு வைத்துவிட மாட்டாரா என்று காத்திருப்பார். அவர்கள் பக்கத்தில் யாரிடமோ கேட்டுவிட்டு, சரி போட்டுக்கோங்க என்பார்கள்.

இந்தக் கலக்கத்துக்கு நடுவில் ஒரு நல்ல சேதியும் வந்தது, அப்படித்தான் நினைத்தோம். ஒரு வியாழக்கிழமை வீட்டுக்கார அம்மா அக்காவை நிறுத்தி, உங்கள் ஹோட்டலில் ஏசி வேலை பார்க்கிற தம்பியை ஞாயிற்றுக்கிழமை அழைத்து வா, மேலே இரண்டு அறைக்கும் ஏசி போடலாம் என்று இருக்கிறேன், அன்றைக்கு மாப்பிள்ளையும் வருகிறார் என்றாராம். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று வருஷமாகக் கேட்காமலே ஆசைப்பட்ட ஏசி. மகள் வெயிலில் வெந்துகொண்டு படிப்பதைப் பார்த்து வீட்டுக்கார அம்மா மனம் இரங்கிவிட்டார், ஏசி போடுகிறவர் வீட்டைக் காலி செய்யச் சொல்லமாட்டார், ஆக ஒப்பந்தம் உறுதி என்று கணக்குப் போட்டுவிட்டார். மகள் படிப்பு மேஜையை ஜன்னலோரத்திலிருந்து எதிர்ச் சுவருக்கு மாற்றிவிட்டாள், காற்று நேராக முகத்தில் அடிக்க வேண்டாம் என்று. எனக்கும் சந்தோஷம். கூலி வாங்காமல் மாட்டிக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அளவெடுக்கும் டேப்போடு போனேன். அக்காவுக்கு அன்று விடுமுறை. அவர் கணவர் வண்டிக்குப் போயிருந்தார், மகள் உள் அறையில் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கார அம்மாவும் அவருடைய மாப்பிள்ளையும் மாடிக்கு வந்தார்கள். மாப்பிள்ளைக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், நீட்டாகச் சட்டை, கையில் ஒரு சின்ன நோட்டு. மரியாதையான ஆள், குறை சொல்வதற்கில்லை. என்னைப் பார்த்து, ஒரு அறைக்கு எத்தனை டன் வேண்டும் என்றார். சொன்னேன். எழுதிக்கொண்டு, "சரி, அடுத்தது" என்றார்.

எனக்கு அந்த நொடியே உறைத்துவிட்டது. திரும்பி அக்காவைப் பார்த்தேன். அக்கா எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொண்டிருந்தார், அப்படியே நின்றுவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை. தெருவில் எத்தனையோ குரல்களை அடையாளம் கண்ட காது, இதையா விட்டுவிடும்.

மாப்பிள்ளை எதையும் கவனிக்கவில்லை. பெட்டி வைக்க இடம், இரண்டாவது கட்டில் எங்கே வரும், படிக்கட்டுக்குத் தனி வாசல் என்று பார்த்துக்கொண்டே போனார். வீட்டுக்கார அம்மாதான் அக்காவின் கையிலிருந்த தட்டை வாங்கி வைத்துவிட்டு, உட்கார் என்றார். ஒப்பந்தத்தை இந்த முறை புதுப்பிக்கப் போவதில்லை, மாப்பிள்ளை விசாரித்துவிட்டு வந்து சொன்னதைக் கேட்டதும் தனக்கே தலை சுற்றிவிட்டது, ஹோட்டலில் ஒரு ராத்திரிக்குப் பன்னிரண்டாயிரமாம், நீ ஒரு மாதம் முழுக்கத் தருகிறதை அங்கே ஒரே ராத்திரியில் வாங்குகிறார்களாம் என்று குனிந்தபடி சொன்னார். தப்பா நினைச்சுக்காதே என்று இரண்டு முறை சொன்னார்.

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டே, "அந்தப் பன்னெண்டாயிரத்தைச் சொன்னதே நான்தாம்மா" என்றார்.

பிறகு எல்லாவற்றையும் கொட்டினார். காலை ஒன்பது மணிக் கூத்து, கால்வாசிச் சட்டம், புது ஹோட்டல் ஆள் என்று நினைத்தது, வாடகை கொடுத்த எண் வாயில் வந்தது எல்லாம். சொல்லச் சொல்ல வீட்டுக்கார அம்மாவின் வாய் திறந்துகொண்டே போனது. மாப்பிள்ளை நோட்டை மூடிவிட்டு அக்காவையே பார்த்தார். ஒரு பெரிய ஹோட்டலில் விலை இப்படியா முடிவாகும் என்று அவருக்கு நம்ப முடியவில்லை. எனக்கும் பொறுக்கவில்லை. டீக்கடையில் நான் அளந்த கதையையும் சொல்லி, என் கன்னத்தில் அறைந்தால்கூட வாங்கிக்கொள்கிறேன் சார் என்றேன்.

வீட்டுக்கார அம்மாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. அந்த மனசு எனக்குப் புரிந்தது, அவருக்கு அக்காவை அனுப்பாமல் இருக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது. "அப்ப இப்பவே போன் போட்டுக் கேட்போம். நாலோ அஞ்சோன்னு சொல்லட்டும். இந்தப் பேச்சையே நான் விட்டுடுறேன். நீ பாட்டுக்கு இருந்துக்கோ" என்றார். மாப்பிள்ளையும் தலையாட்டினார்.

அக்கா பேசினால் குரலைக் கண்டுபிடித்து விலையைக் கூட்டிச் சொல்வார்கள். அதனால் வீட்டுக்கார அம்மாவையே பேச வைத்தார். எடுத்த எடுப்பில் பிள்ளைகளைச் சொல்லுங்கள், விலையைச் சொன்னதும் பெருமூச்சு விடுங்கள், அப்புறம் பேரம் பேசுங்கள், அப்போதுதான் நிஜ விலை வரும் என்று சொல்லிக் கொடுத்தார். வரும் சனிக்கிழமைக்குத்தான் கேட்க வேண்டும் என்று முடிவானது. போனை ஸ்பீக்கரில் வைத்து எல்லோரும் சுற்றி நின்றோம்.

முதலில் எதிர் ஹோட்டல். மூன்று பிள்ளை அப்பா எடுத்தார். வீட்டுக்கார அம்மா தனக்கு மூன்று பேரப்பிள்ளைகள் என்று சொல்ல, அந்த மனிதர் ஒரு விநாடி தயங்கினார். அப்புறம், பதினோராயிரத்து ஐநூறு என்றார். அம்மா பெருமூச்சு விட்டார், அதில் நடிப்பு இல்லை. பேரம் பேசினார். இந்த வாரம் எங்கே கேட்டாலும் இதுதாம்மா, நாங்கள் குறைத்தாலும் அடுத்தவர் எடுத்துக்கொள்வார் என்றார் அவர்.

மூலை ஹோட்டல் டீச்சர் பன்னிரண்டு சொன்னார், அதற்குமேல் பேச நேரமில்லை, இன்னொரு லைனில் ஆள் காத்திருக்கிறார் என்றார். மூன்றாவது ஹோட்டலில் சனிக்கிழமைக்கு அறையே இல்லை. அக்கா ஒவ்வொரு போன் முடிந்ததும், அவங்க கூட்டிச் சொல்றாங்க, கண்டுபிடிச்சுட்டாங்க என்றார். அவர் சொல்வதை அவரே நம்பவில்லை என்று தெரிந்தது.

"எங்க ஹோட்டலுக்குப் போடுங்கம்மா. நேத்து சாயங்காலம் நான் எழுதி வெச்சுட்டு வந்த ரேட் ஏழரை. அது எனக்குத் தெரியும்" என்றார் அக்கா. ஏழரை என்றாலும் அம்மா சமாதானமாகிவிடுவார் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தால் நமக்கே பாவமாக இருக்கும், அவ்வளவு நம்பிக்கை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவின் நாற்காலியில் உட்கார்வது வேறொரு பெண். முன்பு துணி துவைக்கும் பிரிவில் இருந்தவர், அக்காதான் ஆறு மாதமாகச் சொல்லிக் கொடுத்து மேலே கொண்டுவந்தார். எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார், ஒன்றைத் தவிர. கால்வாசி கழிக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அது தன் தொழில் ரகசியம் என்று வைத்திருந்தார். அந்தப் பெண் அன்று காலை ஒன்பது மணிக்கு ஏழு ஹோட்டல்களுக்கும் போன் போட்டு, அவர்கள் சொன்னதை அப்படியே எழுதி முதலாளியிடம் நீட்டியிருக்கிறார். இது எங்களுக்கு மறுநாள்தான் தெரிந்தது.

போனை எடுத்ததும் வந்த குரல் அச்சு அசல் அக்காவின் குரல் மாதிரியே இருந்தது. அதே இழுவை, அதே பணிவு. வீட்டுக்கார அம்மா பிள்ளைகளைச் சொன்னார், விலையைக் கேட்டார்.

"சனிக்கிழமை பதிமூணாயிரம்மா. ஒரே ஒரு ரூம்தான் இருக்கு. யோசிச்சுட்டுக் கூப்பிட்டா அப்ப இருக்கும்னு என்னால சொல்ல முடியாது."

அம்மா பேரம் பேச வாயெடுத்தார். அதற்குள் அந்தப் பெண், ஒரு நிமிஷம் இருங்க என்று சொல்லிவிட்டு யாரிடமோ பேசினார். பின்னணியில் பில் போடும் இயந்திரம் காகிதத்தைத் தள்ளும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். ரசீது அச்சாகிறது என்றால் யாரோ பணம் கட்டிவிட்டார்கள். "மன்னிச்சுக்கோங்கம்மா, இப்பத்தான் அந்த ரூமும் போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போனை வைத்தார்.

உள் அறையில் மகள் எதையோ மனப்பாடம் செய்கிற சத்தம் மட்டும் கேட்டது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை, அந்த மாப்பிள்ளை மேலா, முதலாளி மேலா, வாளி வைத்த அறைக்கு அட்டையை நீட்டிய அந்த மனிதர் மேலா, என் நாக்கின் மேலா. அக்கா அசையாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் என்று தெரிந்து, சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு எண் மூன்று வாரத்தில் உண்மையாகித் தன்னையும் தாண்டிப் போய்விட்டதை அவரால் நம்ப முடியவில்லை.

மாப்பிள்ளை மெதுவாக, பரீட்சை முடியும்வரை இருக்கட்டும் அத்தை என்றார். மாதத்துக்கு எட்டு நாள், மூன்று மாதம் என்றால் இருபத்துநாலு ராத்திரி, அந்தக் கணக்கு அம்மாவின் விரல்களில் ஓடுவது தெரிந்தது. கடைசியில் தலையை மட்டும் அசைத்தார். முடியாது என்பதற்கான அசைவு அது. பிறகு, கண்ணில் நீரோடு, நிஜமாகவே நீரோடுதான், அக்காவின் தோளைத் தொட்டார்.

"என்னைத் திட்டினாலும் திட்டிக்கோ. எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. நீ இந்தத் தொழில்லயே இருக்கறவ. இந்த மாடிக்கு எவ்வளவு கேட்கலாம், நீயே சொல்லேன்."

இப்படியும் ஒரு கேள்வியை ஒருத்தி இன்னொருத்தியிடம் கேட்பாளா என்று நான் திகைத்துப்போனேன். அக்கா எழுந்து நடந்துவிடுவார், அல்லது கத்துவார் என்று நினைத்தேன். அக்கா எழுந்தார். முதல் அறையைப் பார்த்தார், சமையலறையை எட்டிப் பார்த்தார், உள் அறையின் கதவைக் கொஞ்சம் திறந்து, மகள் உட்கார்ந்திருக்கும் மேஜையைப் பார்த்துவிட்டுச் சாத்தினார். திரும்பி வந்தபோது அவர் குரல் புக்கிங் மேஜைக் குரலாக இருந்தது.

"சாதாரண நாள்ல மூவாயிரம் கேளுங்கம்மா. வெள்ளி, ஞாயிறு ஐயாயிரம். சனிக்கிழமை ஏழாயிரம் வரைக்கும் கண்ணை மூடிட்டுக் கேட்கலாம். ரெண்டு ரூம், தனி வாசல், கொடுப்பாங்க."

மாப்பிள்ளை நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டார். அக்கா அதில் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. பதினொரு வருஷமாக அவர் பக்கத்தில் ஏணி போட்டு நின்றவன் சொல்கிறேன், அதுதான் சரியான விலை.